83 மார்க்கும் ஒரு ஹூடிக் கயிறும்

வணக்கம் மக்களே! சத்தம் ஒழுங்கா கேக்குதா? கார்லதான் இருக்கேன், கலிபோர்னியா ஃப்ரீமான்ட்ல, பையன் ஸ்கூல் வாசல்ல. பெல் அடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள பேசிடறேன், ஏன்னா கேமராவைப் பாத்தாலே அவன் மூஞ்சி சுருங்கிடும்.

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மீட்டிங்ல இருக்கேன், போன் டிங்குன்னுச்சு. ஸ்கூல் ஆப். கெமிஸ்ட்ரி டெஸ்ட், 83. இங்க கணக்குல அது பி கிரேடு, குடி ஒண்ணும் முழுகிப் போகல. ஆனா அவன் கார்ல ஏறி பெல்ட் மாட்டறதுக்குள்ள நான் ஆரம்பிச்சுட்டேன். மூணு சிக்னல் தாண்டியும் நிறுத்தல. அவன் ஒரு வார்த்தை பேசல. ஹூடியைத் தலைக்கு மேல இழுத்து விட்டான், ரெண்டு பக்கமும் கயித்தைப் பிடிச்சு இறுக்கினான் பாருங்க, கடைசில மூக்கு மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது.

ராத்திரி தூக்கம் வரல. பெத்தவங்க கண்டிப்புக்கும் பிள்ளைங்க மார்க்குக்கும் என்ன சம்பந்தம்னு தேடிப் படிக்க உக்காந்தேன். இந்த ஆராய்ச்சியெல்லாம் எங்க ஊர்ப் பக்கமே நடந்திருக்குங்க! 1960கள்ல பெர்க்லில டயானா பாம்ரிண்ட்னு ஒரு உளவியலாளர். இங்கேர்ந்து பார்ட் ரயில்ல ஏறினா நேரா போய் இறங்கலாம். அவங்க பெத்தவங்களை மூணு வகையா பிரிச்சாங்க. 'ஏன்னு கேக்காத, சொன்னதைச் செய்' ரகம் ஒண்ணு. 'உன் இஷ்டம்டா கண்ணா' ரகம் ஒண்ணு. மூணாவது, ரூல் உண்டு, ஆனா காரணம் சொல்வாங்க, பிள்ளை பேசறதையும் காது குடுத்துக் கேப்பாங்க. கண்டுக்கவே கண்டுக்காத நாலாவது ரகத்தை 1983ல மக்கோபி, மார்ட்டின்னு ரெண்டு பேர் சேத்தாங்க.

அப்புறம் 1987ல டார்ன்புஷ்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு இதே பே ஏரியா, அதாவது சான் பிரான்சிஸ்கோ சுத்துவட்டார ஹைஸ்கூல்கள்ல 7,836 பிள்ளைங்ககிட்ட கேட்டுப் பாத்தாங்க. மொத்தமா பாத்தா மூணாவது ரகத்து வீட்டுப் பிள்ளைங்களுக்கு நல்ல கிரேடு. முதல் ரெண்டு ரகத்துக்கும் குறைவு. ஆனா ஆசியப் பிள்ளைங்க விஷயத்துல கணக்கு இடிச்சுது. வீட்டுல 'சொன்னதைச் செய்' தான் அதிகம், மார்க்கும் அவங்களுக்குத்தான் அதிகம்!

இதைப் படிச்சதும், உண்மையைச் சொல்றேன், எனக்கு ஒரே குஷி. பாத்தியா, நான் கத்தினது சரிதான்னு. உடனே திருச்சிக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா, "அடிக்கிற கைதான்டி அணைக்கும். நான் உன்னைத் திட்டாத திட்டா? நீ படிக்கலையா?"ன்னாங்க.

குஷி அடுத்த கட்டுரை வரைக்கும்தான். 1994ல ரூத் சாவ்ங்கற ஆராய்ச்சியாளர் ஒண்ணு எழுதினாங்க. சீன அம்மாக்கள்கிட்ட இருக்கறதை வெறும் அதட்டல்னு எடுத்துக்கிட்டா புரியாதுங்கறாங்க. சீனத்துல 'குவான்'னு ஒரு வார்த்தை. கட்டுப்படுத்தறதும் அதுதான், அக்கறையா கவனிக்கறதும் அதுதான். நாம 'பாத்துக்கறது'ன்னு சொல்றோம் இல்ல, அதுல காவலும் இருக்கு, பாசமும் இருக்கு. கிட்டத்தட்ட அப்படி. கண்டிக்கற அம்மாவே பிள்ளைக்காகத் தன் நேரத்தையெல்லாம் கொட்டி, கூடவே இருக்கா. பிள்ளைக்கும் அது தெரியுது.

அங்கதான் எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அம்மா திட்டினாங்க, வாஸ்தவம். ஆனா பரீட்சை சமயத்துல ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து முறத்துல அரிசிக்குக் கல் பொறுக்கிட்டிருப்பாங்க. கெமிஸ்ட்ரில அவங்களுக்கு ஒரு எழுத்து தெரியாது. நான் படிச்சு முடிக்காம அவங்க படுத்ததில்ல. நான் என்ன பண்றேன்? மீட்டிங்ல உக்காந்து ஆப் பாக்கறேன், கார்ல கத்தறேன். திட்டை மட்டும் சூட்கேஸ்ல போட்டு எடுத்துட்டு வந்துட்டேன், அந்த முறத்தை அங்கயே விட்டுட்டேன்.

அப்புறம் இந்த 'புலி அம்மா' கதை, அதாவது பிள்ளையை அதட்டி விரட்டிப் படிக்க வைக்கற அம்மா. சூ யோங் கிம்ங்கறவங்க வட கலிபோர்னியால 444 சீனக் குடும்பங்களை எட்டு வருஷம் தொடர்ந்து பாத்து 2013ல வெளியிட்டாங்க. புலி ரகம் பெரும்பான்மையே கிடையாது. அன்பும் ஆதரவுமா இருக்கற பெத்தவங்கதான் அதிகம், அவங்க பிள்ளைங்களுக்குத்தான் நல்ல கிரேடும். புலி வீட்டுப் பிள்ளைங்களுக்கு மார்க்கும் கம்மி, மனச்சோர்வும் ஜாஸ்தி. வாட்ஸப் குரூப்ல இதைப் போட்டேன், ஒருத்தரும் லைக் போடல!

இன்னொண்ணு. ஸ்டைன்பெர்க்ங்கற உளவியலாளரோட குழு கலிபோர்னியாலயும் விஸ்கான்சின்லயும் பிள்ளைங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க: எந்த கிரேடுக்குக் கீழ போனா வீட்டுல கோபப்படுவாங்க? ஆசியப் பிள்ளைங்க சொன்னது ஏ மைனஸ். வெள்ளைக்காரப் பிள்ளைங்க சொன்னது அதுக்கு ஒரு முழு கிரேடு கீழ. வீட்டோட எதிர்பார்ப்பு மட்டும் இல்ல, கூட சுத்தற பசங்க படிக்கற பசங்களாங்கறதும் பெரிய காரணம்னு அவங்க எழுதறாங்க. நம்ம கைக்குள்ள இல்லாத சமாச்சாரம்.

நேத்து இவன்கிட்ட அதே கேள்வியைக் கேட்டேன். "டேய், எத்தனை மார்க்குக்குக் கீழ போனா அம்மா கத்துவேன்?" யோசிக்கவே இல்ல. "93"ன்னான். அப்புறம், "நீ டயர்டா இருந்தா 95"னான்.

நான் பேசாம லேப்டாப்பை எடுத்துட்டுப் போய் அவன் மேஜைக்கு எதிர்ல உக்காந்தேன். "என்னம்மா, செக் பண்றியா?"ன்னான். இல்லடா, என் வேலை இருக்குன்னேன். பத்து நிமிஷம் சந்தேகமா பாத்தான். அப்புறம் மோல் கணக்குல எங்க இடிக்குதுன்னு அவனே நோட்டைத் திருப்பிக் காட்டினான். எனக்கும் பாதி மறந்து போச்சு, அது வேற விஷயம்.

ஐயோ, பெல் அடிச்சுட்டாங்க. அதோ வரான். வாயில கையை வெச்சு பசிக்குதுன்னு காட்டறான். ஆஃப் பண்ணிடறேன், பை.