வக்கீலாகப் போகாவிட்டால் சட்டப் படிப்பு வீணா?

வணக்கம். ஒரு சகோதரி கேட்டிருக்கும் சந்தேகம் இது: "சட்டம் படிக்க ஆசை. ஆனால் வக்கீலாவேனா என்று தெரியவில்லை. கோர்ட்டுக்குப் போகவில்லை என்றால் அந்தப் படிப்பில் என்ன மிஞ்சும்? சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்ததுதானா?"

மனப்பாடத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். பரீட்சைக்குக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். சட்டம் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சுவது வேறு. ஒரு சம்பவத்தைக் கேட்டவுடன் அதில் எது முக்கியம், எது வெறும் கதை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம். என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஒரு வழக்கை வைத்தே சொல்கிறேன். டொனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன், 1932-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே மேல்முறையீட்டுக்கான உச்ச நீதிமன்றம் அதுதான்) தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரியில் இதைத் தாண்டாமல் வெளியே வருவது கஷ்டம். 1928-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பெண் ஜிஞ்சர் பியர் என்ற குளிர்பானம் குடிக்கிறார். பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றும்போது அழுகிய நத்தை விழுந்தது, உடம்புக்கு முடியாமல் போனது என்று தயாரிப்பாளர் மேல் வழக்குப் போடுகிறார். கதையாகக் கேட்டால் நத்தைதான் மனதில் நிற்கும். சட்டம் படிக்கிறவர் வேறு இரண்டைக் குறித்துக்கொள்வார். காசு கொடுத்து வாங்கியது கூட வந்தவர். ஆகவே குடித்தவருக்குக் கடைக்காரரோடு ஒப்பந்தம் கிடையாது, அந்த வழியில் நஷ்டஈடு கேட்க முடியாது. அப்புறம், பாட்டில் கருநிறக் கண்ணாடி. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க முடியாது. அதனால்தான் தயாரித்தவர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்ற வாதம் நின்றது.

வேடிக்கை என்னவென்றால், நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை. அந்தப் பெண் சொல்வது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டால், சட்டப்படி வழக்கு நிற்குமா? இதற்குத்தான் நீதிபதிகள் பதில் சொன்னார்கள். நடந்ததா என்பது ஒரு கேள்வி, நடந்திருந்தால் யார் பொறுப்பு என்பது இன்னொரு கேள்வி. ஆபீஸ் மீட்டிங்குகளில் பாதிச் சண்டை இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால் வருவதுதான்.

அந்தத் தீர்ப்பு 3-க்கு 2 என்ற கணக்கில் வந்தது. மாறுபட்ட அந்த இருவர் எழுதியதையும் படிக்க வேண்டியிருக்கும். இந்தப் பொறுப்பை ஒருமுறை ஒப்புக்கொண்டால் அது எங்கே போய் நிற்கும் என்பது அவர்கள் கவலை. படித்தால் அதுவும் நியாயமாகத்தான் படும்! மூட் கோர்ட் என்ற மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் ஒரே வழக்கில் இரு தரப்புக்கும் வாதம் தயாரிக்கச் சொல்வதுண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே நீதிபதி குறுக்கிட்டுக் கேள்வி கேட்பார். தயாரித்து வந்ததை விட்டுவிட்டுக் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். மேடையில் வெளுத்து வாங்குகிறவர்களே இங்கே திணறுவார்கள்.

எழுத்தும் வரிசைக்கு வரும்: பிரச்சினை என்ன, அதற்கான விதி எது, இங்கே எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன. ஒரு ஒப்பந்தம் கைக்கு வந்தால் கண் தானாக வரையறைகளுக்கும் விதிவிலக்குகளுக்கும் போகும். இன்சூரன்ஸ் பாலிசியில் என்னென்ன தருவோம் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். எதற்கெல்லாம் தரமாட்டோம் என்ற பக்கத்தை முதலில் புரட்டுகிறவர் அநேகமாகச் சட்டம் படித்தவராக இருப்பார்.

சரி, கிடைக்காததையும் சொல்லிவிடுகிறேன். கட்சிக்காரர் மறைக்கிற விஷயத்தைப் பக்குவமாக வரவழைப்பது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது, இதெல்லாம் புத்தகத்தில் வராது. சீனியரிடம் ஜூனியராக இருந்து பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

சேர்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஏதாவது ஒரு தீர்ப்பை, சுருக்கத்தை அல்ல, முழுத் தீர்ப்பையே எடுத்துப் படியுங்கள். பாதியில் மூடி வைக்கத் தோன்றுகிறதா, எதிர்த்து எழுதிய நீதிபதி என்ன சொல்லியிருப்பார் என்று தேடத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.