சுவரில் இருக்கும் ஊர்க்கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். பழைய வீட்டில் ஒரு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தால் என்ன ஆகும்? எத்தனை முறை பூசினாலும் அதன் ஓரத்தில் விரிசல் ஓடும். பழைய சுவர் எப்போதோ இறங்கி நின்றுவிட்டது. புதிய கட்டு இப்போதுதான் இறங்குகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு வாருங்கள்.

வட யார்க்‌ஷயரின் சுண்ணப்பாறைக் குன்றுகளுக்கு நடுவே வோரம் பெர்சி என்று ஓர் ஊர் இருந்தது. இன்று வீடு வாசல் எதுவும் இல்லை. புல்மேடுகளும், கூரையில்லாத புனித மார்ட்டின் கிறித்தவக் கோவிலும்தான் மிச்சம். வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் இங்கே அகழ்ந்தார்கள். நாற்பது கோடைகள்!

முதலில் இருந்தது 10-ஆம் நூற்றாண்டின் சிறு மரக்கோவில். பிறகு கல்லில் எடுத்தார்கள். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஊர் பெருக, கூடம் போதவில்லை. பக்கச் சுவரில் வளைவுகளைத் திறந்து, தூண் நிறுத்தி, வெளியே பக்கக்கூடம் சேர்த்தார்கள். பிள்ளைகள் பெருகினால் வீட்டுக்குத் தாழ்வாரம் இறக்குவதில்லையா, அது போல. ஊர் சுருங்கியதும் பக்கக்கூடங்களை இடித்துவிட்டு, திறந்த வளைவுகளைக் கல்லால் அடைத்தார்கள். அந்த வளைவின் கோடு இன்றும் சுவரில் தெரிகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இடித்த கூடத்தின் சன்னல்களை வீணாக்காமல், அடைத்த சுவரிலேயே பதித்திருக்கிறார்கள். சன்னலின் செதுக்கலை மட்டும் பார்த்துக் காலம் சொன்னால், சுவருக்கு இல்லாத வயதைக் கொடுத்துவிடுவோம். சன்னல் பழையது, சுவர் புதியது. திரும்பவும் சொல்கிறேன், சன்னலை நம்பிச் சுவரின் வயதைச் சொல்லாதீர்கள். முதலில் வளைவுக் கோட்டைத் தேடுங்கள். அதற்குள்ளே சன்னல் உட்கார்ந்திருந்தால் அது இடம் மாறி வந்த சன்னல்தான். உருண்டை வளைவு முந்தியது, கூர் வளைவு பிந்தியது என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

ஊர் ஏன் சுருங்கியது? 1349-இன் கொள்ளைநோயால் என்றே பலரும் சொல்வார்கள். நோய் வந்தது, உயிர்கள் போயின, உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகும் ஊர் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. காலி செய்தது ஆடு. தானியத்தைவிட ஆட்டு உரோமத்தில் லாபம் கூடியதும் நிலக்கிழார்கள் உழுநிலத்தை மேய்ச்சலாக்கினார்கள். ஏர் பிடிக்கப் பல குடும்பங்கள் வேண்டும், மந்தைக்கு ஓர் இடையன் போதும். 1500-ஐ ஒட்டி ஊர் வெறுமையானது. இப்படிக் கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் பிரிட்டனில் ஏறத்தாழ 3,000.

ஊர் போன பிறகும் கோவில் எப்படி நின்றது என்று கேட்பீர்கள். நேரம் நெருங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்து ஊர்களும் இதே பங்கை, அதாவது இந்தக் கோவிலுக்கு உட்பட்ட வட்டாரத்தைச் சேர்ந்தவை. திக்செண்டேல் மக்கள் குன்றேறி இங்கேதான் வந்தார்கள். 1870-இல் அவர்களுக்குச் சொந்தக் கோவில் அமைந்ததும் இங்கே கூட்டம் குறைந்தது. கடைசி ஆராதனை 1949-இல். பிறகு கூரையின் ஈயத் தகடுகள் திருடுபோயின, மழை உள்ளே இறங்கியது. 1959-இல் கோபுரத்தில் பாதி சரிந்தது. மறுபாதி இன்றும் நிற்கிறது. போகிறவர்கள் தெற்குச் சுவரை வெளியே நின்று பாருங்கள், வளைவுகள் அங்கே தெளிவாகத் தெரியும். வணக்கம்.