‘ராக்கெட்’ ரயில் என்ஜின் ஜெயித்தது கொதிகலனுக்குள்ளே

[காட்சி: பழைய செம்பு பாய்லர். நடுக்குழாயில் கரி கனல்கிறது.]

வணக்கம். வெந்நீர் போடும் இந்த பாய்லரைப் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு குழாய், அதில் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். ஆரம்பகால ரயில் என்ஜின்களின் கொதிகலனும் ஏறக்குறைய இப்படித்தான். பெரிய குழாய் ஒன்றோ இரண்டோ இருக்கும், அவ்வளவுதான். பாதிச் சூடு புகையோடு வெளியே போய்விடும்.

1804-இல் வேல்ஸில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் என்ஜின் 10 டன் இரும்பை இழுத்துக் காட்டியது. ஆனால் அதன் எடை தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன. அப்புறம் கால் நூற்றாண்டு, என்ஜின் என்றால் பெரும்பாலும் நிலக்கரி வண்டி இழுப்பதுதான்.

[காட்சி: ரெயின்ஹில், அக்டோபர் 1829. தண்டவாளத்தின் இருபுறமும் கூட்டம்.]

இங்கிலாந்தில் லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில் பாதை தயாராகிக்கொண்டிருந்தது. வண்டிகளை எதை வைத்து இழுப்பது? ஆங்காங்கே நிலையான என்ஜின்களை நிறுத்திக் கயிற்றால் இழுக்கலாமா என்றுகூட நிர்வாகிகள் யோசித்தார்கள். சரி, போட்டி வைத்தே பார்த்துவிடுவோம் என்று முடிவானது. பரிசு 500 பவுண்டு. கூட்டத்துக்குப் பிடித்தது ‘நாவல்டி’. இலகுவானது, வேகமானது, ஆனால் நடுவழியில் பழுதாகி நின்றது. ‘சான்ஸ் பரேல்’ என்ஜினுக்கும் அதே கதி. முழு ஓட்டத்தையும் முடித்தது பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சனின் ‘ராக்கெட்’ மட்டுமே. அதன் உச்ச வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 30 மைல்!

[காட்சி: கொதிகலனின் குறுக்குவெட்டுப் படம்.]

உள்ளே பாருங்கள். ஒரு பெரிய குழாய்க்குப் பதில் 3 அங்குல விட்டத்தில் 25 செம்புக் குழாய்கள். யோசனை சொன்னவர் ரயில்வே கம்பெனியின் செயலாளர் ஹென்றி பூத். பிரான்சில் மார்க் செகானும் தனியாக இதே வழியைக் கண்டிருந்தார். நெருப்பின் சூடு 25 வழியாகப் பிரிந்து ஓடும்போது, அது தண்ணீரைத் தொடும் பரப்பு பல மடங்காகிறது. நீராவி மளமளவென்று உண்டாகிறது.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. சக்கரங்களை ஓட்டும் பிஸ்டன் இயங்கும் உருளைதான் சிலிண்டர். அதில் வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கிக்குள் மேல்நோக்கிப் பீய்ச்சுகிறார்கள். அது புகையை இழுத்துக்கொண்டு போக, அடுப்பில் புதுக்காற்று பாய்கிறது. நாம் ஊதுகுழலால் ஊதுவோமே, அந்த வேலையை இங்கே என்ஜினே செய்துகொள்கிறது. வேகம் கூடக்கூட நெருப்பும் தானாகவே கொழுந்துவிடும். நீராவி ரயிலின் ‘குப்... குப்...’ சத்தம் இதுதான்! இருபதாம் நூற்றாண்டின் ராட்சத நீராவி என்ஜின்கள்கூட இந்த இரண்டையும் விடவில்லை.

[காட்சி: அருங்காட்சியகத்தில் ராக்கெட்.]

அசல் ராக்கெட் இப்போது இங்கிலாந்தின் ஷில்டனில் இருக்கிறது. போட்டியன்று பூசியிருந்த மஞ்சள் வண்ணம் இல்லை, கறுத்துக் கிடக்கிறது. அன்று சாய்வாக உயர்ந்து நின்ற சிலிண்டர்கள் இதில் தாழ்ந்திருக்கின்றன. ஓடத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே, ஆட்டம் குறையட்டும் என்று மாற்றிவிட்டார்கள்.