காரணம் சொன்ன ஆளுநர்

நண்பர்களே, மே தினம் எந்த ஊரில் பிறந்தது என்று கேட்டால் சிகாகோ என்று உடனே சொல்லிவிடுவோம். 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் அந்த நாளைக் கொண்டாடிய காலம் தொட்டு நமக்குப் பழகிய பெயர் அது. அங்கே தூக்கில் தொங்கியவர்களைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால் பின்னால் அந்த வழக்குக் கட்டைப் பிரித்துப் படித்து, நடந்தது அநியாயம் என்று எழுதி வைத்த ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டை விட்டுவிடுகிறோம்.

1893 முதல் 1897 வரை அவர் இல்லினாய் மாநில ஆளுநர். நம்மூர் போல நியமனப் பதவி அல்ல; அங்கே மக்கள் ஓட்டுப் போட்டால்தான் ஆளுநர். ஜெர்மனியில் 1847-ல் பிறந்து கைக்குழந்தையாக ஒஹாயோவுக்கு வந்தவர். உள்நாட்டுப் போரில் சிப்பாய், ரயில் பாதைக் கூலி, வாத்தியார், வக்கீல் என்று எல்லாமாகவும் இருந்தார். சிகாகோவில் நிலம், கட்டடம் என்று பெரும் பணம் சேர்த்தார், நீதிபதியும் ஆனார்.

இனி வழக்குக்கு வருவோம். எட்டு மணி நேர வேலைக்காக 1886 மே முதல் தேதி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 4-ம் தேதி இரவு, சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த தொழிலாளர் கூட்டத்தைக் கலைக்க வந்த போலீஸ் மீது யாரோ குண்டு வீசினார்கள். போலீஸ்காரர்கள் ஏழு பேரும் பொதுமக்கள் சிலரும் இறந்தார்கள். வீசியது யார் என்று கடைசி வரை நிரூபிக்கப்படவே இல்லை. ஆனாலும் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 1887 நவம்பர் 11 அன்று நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள் ஒருவர் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். மிச்சமிருந்த ஃபீல்டன், ஷ்வாப், நீப் மூவரும் ஜோலியட் சிறையில் கிடந்தார்கள்.

அவர்களை விடுவிக்கச் சொல்லி மனு மேல் மனு வந்தது. கேட்டவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. ‘போதிய தண்டனை அனுபவித்துவிட்டார்கள், கருணை காட்டுகிறேன்’ என்று இரண்டு வரி எழுதியிருந்தால் ஊர் ஓரளவு பொறுத்துக்கொண்டிருக்கும். ஆல்ட்கெல்ட் அப்படிச் செய்யவில்லை. வழக்கு ஆவணங்களை வரிக்கு வரி படித்தார். ஜூரிக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு, ஆள் எடுக்க வழக்கமாகச் சீட்டுக் குலுக்குவார்கள்; இங்கே ஒரு தனி அதிகாரி தனக்கு வேண்டியவர்களை அழைத்து வந்திருந்தார். அழைக்கப்பட்ட ஒருவர், இறந்த போலீஸ்காரர் ஒருவர் தனக்கு உறவு என்றே சொன்னார். அதனால் தடையில்லை என்றார் நீதிபதி கேரி. இவற்றையெல்லாம் நீதிமன்றப் பதிவிலிருந்தே எடுத்துக் காட்டி, 1893 ஜூன் 26 அன்று நீண்ட அறிக்கையோடு மூவரையும் விடுவித்தார். இரக்கப்பட்டு அல்ல, விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்பதால்.

உத்தரவைச் சிறைக்கு எடுத்துப் போக வந்தவர் டிரேயர் என்ற வங்கிக்காரர். இந்த எட்டுப் பேர் மீதும் குற்றம் சாட்டி வழக்கை விசாரணைக்கு அனுப்பிய கிராண்ட் ஜூரி என்ற குழுவில் இருந்தவரும் அவரேதான்! காகிதத்தை வாங்கியதும் நன்றி சொல்ல வாயெடுத்தார், முடியாமல் அழுதுவிட்டார். ஆளுநர் கடிகாரத்தைப் பார்த்து, ரயிலுக்கு நேரமாகிறது என்று அனுப்பி வைத்தார். மறுநாள் பத்திரிகைகள் அவர் மேல் பாய்ந்தன; அவர் பிறந்த நாட்டையும் இழுத்தன.

அதற்காக அவர் அடங்கிவிடவில்லை. அதே ஆண்டு, தொழிற்சாலைகளில் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தவும் பெண்களுக்கு எட்டு மணி நேர வேலையை உறுதிசெய்யவும் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் தலைமை ஆய்வாளராக ஃபுளாரன்ஸ் கெல்லியை நியமித்தார். எட்டு மணி நேரப் பகுதியை 1895-ல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 1894-ல் புல்மன் ரயில்பெட்டி நிறுவனத்துக்கு எதிரான வேலைநிறுத்தத்தில் மாநிலம் கேட்காமலே குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து சிகாகோவுக்குப் படை அனுப்பியபோது, தன் கட்சித் தலைவர் என்றும் பார்க்காமல் தந்தி அடித்துக் கண்டித்தார். இந்தத் துணிச்சலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எதிர்க்கட்சியோடு சண்டை போடுவது சுலபம்.

1896 தேர்தலில் தோற்றார். புதிய ஆளுநரின் பதவியேற்பு விழாவில் விடைபெறும் உரைக்குக்கூட இடம் தரவில்லை. சொத்தும் கரைந்தது. கடைசியில் கிளாரன்ஸ் டாரோவின் வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தார். 1902 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட போயர் மக்களுக்காக ஒரு மேடையில் பேசி முடித்ததும் சரிந்தவர், மறுநாள் காலையில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 54.