ஆடிக் காற்றில் ஒரு செஸ்னா

நேயர்களுக்கு வணக்கம். விமான விபத்து என்றதும் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறோம். நான் சொல்லப்போகிற விபத்தில் விமானம் தரையில்தான் இருந்தது. ஆள் நடக்கிற வேகம்தான்.

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று புகுந்து வருகிற பகுதி, ஆடி மாதம். காலையில் இலை அசையவில்லை. மாணவன் ஒருவனைச் செஸ்னா 152 என்கிற இரண்டு இருக்கைச் சின்ன விமானத்தில் தனியாக அனுப்பினேன். அவன் திரும்பி வரும்போது காற்றின் திசை காட்டும் காற்றுப் பை விறைத்து நின்றது. ஆனாலும் மேற்கே பார்த்து அழகாக இறக்கிவிட்டான்.

நிறுத்துமிடம் கிழக்கே. ஓடுபாதையை விட்டுத் திரும்பி வரும்போது காற்று முதுகுப்பக்கம், வலது ஓரமாக அடித்தது. ஒரு வீச்சு. வலது இறக்கை மெல்ல எழுந்தது, கூடவே வாலும். இடது இறக்கை நுனி தரையை உரச, முன்னால் சுற்றிக்கொண்டிருந்த புரொப்பெல்லர் தாரில் மோதியது. நுனிகள் இரண்டும் காய்ந்த வாழைச்சருகு போலச் சுருண்டுவிட்டன.

செஸ்னா 152-இன் வெறும் எடை 500 கிலோ அளவுதான். இறக்கையோ நுனிக்கு நுனி 10 மீட்டர், அதுவும் தலைக்கு மேலே. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் சீரான காற்றைவிட விட்டு விட்டு அடிக்கிற காற்று பொல்லாதது.

தரை இறங்கியதும் முன்சக்கரத்தில் பாரம் ஏறாமல், கையில் பிடித்து ஓட்டுகிற கன்ட்ரோலைப் பின்னால் இழுத்துப் பிடிக்கச் சொல்லுவோம். நல்ல பழக்கம். ஆனால் காற்று பின்னாலிருந்து வரும்போது அதுவே எமன்: வாலில் மேலும் கீழும் அசைகிற தகடுதான் எலவேட்டர்; கன்ட்ரோலை இழுத்தால் மேலே நிமிரும் அதற்கு அடியில் காற்று புகுந்து வாலைத் தூக்கும். அப்போது கன்ட்ரோலை முன்னால் தள்ளி, காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். திடீரென்று பிரேக் போடுவதும் கூடாது. அவன் பழக்கப்படி பின்னால்தான் இழுத்துப் பிடித்திருந்தான்.

1930-இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த ஏமி ஜான்சன், பாக்தாத் போகும் வழியில் மணல்புயலில் சிக்கிப் பாலைவனத்தில் இறங்கினார். விமானத்தைக் காற்று உருட்டிவிடாமல் இருக்க, தன் பெட்டிகளை இறக்கிச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தார். இறங்கியதோடு வேலை முடியவில்லை என்று தெரிந்தவர்.

எங்கள் செஸ்னாவுக்குப் புரொப்பெல்லர் மாற்றினால் மட்டும் போதவில்லை. சுற்றும்போது அடிபட்டால் அதிர்ச்சி எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிரான்க் ஷாஃப்ட் வரை போயிருக்கும். எஞ்சினைக் கழற்றிப் பார்த்தே தீர வேண்டும். செலவை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பையனுக்குக் கீறல்கூட இல்லை. “சார், நல்லாத்தானே இறக்கினேன்?” என்றான். நல்லாத்தான் இறக்கினான். காற்று ஏறியபோது ரேடியோவில் அவனை எச்சரித்திருக்க வேண்டியவன் நான். சக்கரம் தரையைத் தொட்டதைப் பார்த்துவிட்டு, சரி, வந்துவிட்டான் என்று டீ குடிக்கத் திரும்பியிருந்தேன்.