கன்று முந்துமா, தவணை முந்துமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பரம ஏழைகள் சிறுதொழில் தொடங்கிக் கரையேறப் பெரிதும் கைகொடுப்பது கடனா, கொடையா என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. கொடையே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்துக்கு நம்மை அழைத்துச் சென்றார். பேராசிரியர் முகமது யூனுஸ் 1976-இல் 42 பேருக்கு மொத்தமாக 27 டாலர் கடன் கொடுத்ததையும், அந்த முயற்சி 1983-இல் கிராமின் வங்கியாகி, 2006-இல் நோபல் அமைதிப் பரிசு வரை உயர்ந்ததையும் அழகாகச் சொன்னார். அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் யூனுஸை அங்கே முதலில் உலுக்கிய பெண் யார் என்று பாருங்கள். வியாபாரியிடம் மூங்கிலுக்குக் கடன்பட்டு, முடைந்த முக்காலியை அவரிடமே, அவர் வைத்த விலைக்கே கொடுத்துக்கொண்டிருந்தவள். அவள் கையில் தொழில் இருந்தது, செய்த பொருளுக்கு விலை இருந்தது. குறுக்கே நின்ற வியாபாரியை விலக்கினால் போதும். அங்கே கடன் பலித்தது.

நான் பேச வந்திருப்பது கையில் தொழிலே இல்லாதவளைப் பற்றி. கணவனை இழந்தோ, கணவனால் கைவிடப்பட்டோ, அடுத்தவர் வயலிலும் அடுத்தவர் வீட்டிலும் கிடைக்கும் வேலையில் வயிற்றைக் கழுவுகிறவளை எந்தக் கடன் குழுவும் எளிதில் சேர்த்துக்கொள்வதில்லை. அவள் தவணை தவறினால் மற்ற பெண்கள் பதில் சொல்ல வேண்டியிருக்குமே! சிறுகடனிலேயே ஊறி வளர்ந்த பிராக் என்ற வங்கதேச நிறுவனம் இதைக் கண்டுகொண்டுதான், கடைசிப் படியில் இருப்பவர்களுக்கென்று 2002-இல் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

அது நடக்கும் விதத்தைச் சற்று அருகே போய்ப் பார்ப்போம். ஊர்மக்களே கூடித் தரையில் ஊரின் படத்தை வரைந்து, வீடு வீடாகக் குறித்து, மிகவும் நொடித்துப்போன வீடு எது என்று வரிசைப்படுத்துகிறார்கள். தேர்வாகும் பெண்ணுக்குப் பசுவோ ஆடுகளோ கோழிகளோ திருப்பித் தரவேண்டாத முதலாகக் கிடைக்கின்றன; வருமானம் வரும்வரை அதை விற்றுத் தின்றுவிடாதிருக்க உதவித்தொகையும் கிடைக்கிறது. வாரந்தோறும் ஒரு பணியாளர் வாசலுக்கே வந்து தீவனம், தடுப்பூசி, வரவுசெலவு என ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறார். இவ்வளவும் சுமார் இரண்டாண்டுகள்தான்.

சும்மா கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்றார் நண்பர். 1,309 ஊர்களில் 21,000-க்கு மேற்பட்ட குடும்பங்களை ஏழாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. பசு வந்த வீட்டுப் பெண்களின் உழைப்பு நேரம் குறையவில்லை, கூடியது. கூலி வேலையைக் குறைத்துக்கொண்டு கால்நடை வளர்ப்புக்கு மாறினார்கள். வயலில் வேலையில்லாத மாதங்களில் அவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தது சோம்பலால் அல்ல, அழைப்பார் இல்லாததால். மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் இதே முறையைப் பின்பற்றியபோது, பத்தாண்டுகள் கழித்தும் அந்தக் குடும்பங்களின் உணவும் வருமானமும் மேம்பட்ட நிலையிலேயே இருந்தன. மாறாக, ஐதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் சிறுகடனை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள் முதலைப் பெருக்கினார்களே தவிர, கடன் கிடைத்த பகுதிகளில் சராசரிக் குடும்பத்தின் நுகர்வு உயர்ந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் அணித்தலைவர் முகம் சுளித்தாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எத்தியோப்பியா, கானா, இந்தியா, பாகிஸ்தான், பெரு, ஹோண்டுராஸ் ஆகிய ஆறு நாடுகளில் இத்திட்டத்தைச் சோதித்தபோது, ஹோண்டுராஸில் கொடுத்த கோழிகளில் பெரும்பாலானவை நோய் கண்டு மடிந்தன. அங்கே பலன் நிலைக்கவில்லை. கொடை தோற்கவே தோற்காது என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அந்தக் கோழிகளைக் கடனில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோழி செத்தாலும் கடன் சாகாது, ஐயா!

செலவு கூடுதல் என்பார்கள். கூடுதல்தான். ஆனால் ஒருமுறை செய்யும் செலவு அது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியில் அடுத்துப் பேசவரும் அம்மையாரிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். பசுவின் சினைக்காலம் ஒன்பது மாதத்துக்கு மேல். வாரத்தவணைக் கடனிலோ, பணம் கைக்கு வந்த ஓரிரு வாரத்தில் முதல் தவணை வாசலில் நிற்கும். மாடு கன்று போடுமுன் வட்டி குட்டி போட்டுவிடும் அந்த வீட்டில், முதல் தவணையை அவள் எதை விற்றுக் கட்டுவாள்?