கணக்கில் வராத நடை

நேயர்களுக்கு வணக்கம். எந்தத் தடத்தில் பேருந்து விடலாம், எங்கே நடைபாதை போடலாம் என்று முடிவு செய்ய, வீடு வீடாகப் போய், "நேற்று எங்கெங்கே போனீர்கள், எதில் போனீர்கள்?" என்று கேட்பது வழக்கம். நெடுநாளாக நான் ஈடுபட்டிருக்கும் வேலை இது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அம்மாவிடம் இப்படிக் கேட்டேன். "நான் எங்கங்க போனேன்? வீட்லதான் இருந்தேன்" என்றார். காலையில் பால்? "அது தெருமுனைக் கடையில வாங்கினது." பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டது? "நான்தான்." ரேஷன்? "போனேன், கூட்டமா இருந்தது. சாயங்காலம் மறுபடியும் போய் வாங்கினேன்." அப்புறம் ஷேர் ஆட்டோவில் திருப்பாதிரிப்புலியூர் போய்க் காய்கறி வாங்கியதும் நினைவுக்கு வந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. வேலைக்குப் போய்வருவது மட்டும்தான் கணக்கு என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட வேலைக்குப் போகும் தூரத்தையும் வாகனத்தையும்தான் கேட்டார்கள். பாலுக்கும் ரேஷனுக்கும் நடந்த நடை அதில் ஏறவில்லை.

இங்கேதான், நாம் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் காட்டும் ஜிபிஎஸ் உதவுகிறது. 1996இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் 100 குடும்பங்களின் கார்களில் கருவி வைத்துப் பார்த்தார்கள். கார் என்பதால் நடந்து போனது அதில் சிக்காது. அதோடு, அப்போது செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். புதுச்சேரியில் நேரு வீதியில் நிற்கிறீர்களா, ரங்கப்பிள்ளை வீதியிலா என்றே தெரிந்திருக்காது. 2000 மே மாதம் அந்தப் பிழையை நீக்கினார்கள். இன்று கைபேசியே போதும், தெருமுனைக் கடைக்குப் போய்வந்ததும் பதிவாகிவிடும்.

ஆனால் ஏன் போனீர்கள் என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. நெரிசலில் பேருந்தும் பைக்கும் ஒரே வேகத்தில் ஊரும். எதில் போனீர்கள் என்பதிலும் குழப்பம் வரும். அதனால் கைபேசியில் பதிவான தடத்தைக் காட்டி, "இங்கே பத்து நிமிடம் நின்றீர்களே, என்ன வேலை?" என்று கேட்க வேண்டும். கேள்வியை விட்டுவிடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வேன்.

நேரம் முடியப் போகிறது. அந்தரங்கம் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்மதம் கேட்டு வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் எந்த நேரமும் அணைத்துவிட வழி இருக்க வேண்டும். பெயரையும் வீட்டு வாசலையும் பதிவிலிருந்து எடுத்துவிட வேண்டும். வணக்கம்.